கோழி அடைந்த வண்டி

28-8-2017 — ரூ. 1,02,400
18-11-2022 — ரூ. 2,200
12-12-2022 — ரூ. 4,150
9-1-2023 — ரூ. 2,900
23-1-2023 — ரூ. 1,350
13-2-2023 — ரூ. 1,600
6-3-2023 — ரூ. 850
20-3-2023 — ரூ. 1,180
10-4-2023 — ரூ. 2,400
24-4-2023 — ரூ. 640

முதல் தொகை நாராயணபெருமாள் கொடுத்தது. இரண்டாவது, அந்த முதல் தொகையை ஐந்து வருடம் கழித்துத் துருவாக ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை லோடு வண்டிக்கு வாடகை. மீதி எட்டும் ஜிஷா தன் கையால் கொடுத்தவை. கூட்டினால் 15,070. எட்டுத் தேதியும் திங்கள்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களுக்குப் பூ வாங்கியவர்கள் திங்கள் காலையில்தான் காசு தருவார்கள்.

ஜிஷா என் தங்கை முத்துக்கனியின் மகள். வீடு தோவாளையில். பி.காம். படித்தவள். உயரம் நாலடி பத்தங்குலம். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, தாழும். தெரியாதவர்கள் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் அப்பா நாராயணபெருமாளுக்கு முப்பது சென்ட் பிச்சிப்பூத் தோட்டம் இருக்கிறது. நான் பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு வருடம் குளத்து நீர்மட்டம் எழுதியவன். அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதிவைக்கிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு இதையே வேறு மாதிரி சொல்லிக்கொண்டு நாலுபேர் வருவார்கள்.

2017இல் ஜிஷாவுக்குக் கருங்கல் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் அபிலாஷ். துபாயில் ஏசி மெக்கானிக். நாற்பது பவுன் நகை பேசி முடித்து, வெற்றிலையும் மாற்றிய பிறகு அவனுடைய அண்ணன் வினோஜ் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வேற ஒண்ணும் வேண்டாம். தம்பிக்கு ஒரு ஆசை உண்டும். காலு நீட்டிக்கிட்டு ஓட்டுவாங்க இல்லியா, அந்த மாதிரி ஒரு வண்டி."

வேறொன்றும் வேண்டாமாம். நாராயணபெருமாள் ஒரு குரூஸர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். பெண் வீட்டார் காசில் வாங்கும் வண்டியை மாப்பிள்ளை பெயரில் பதிவு செய்வதுதான் இங்கே வழக்கம். மாப்பிள்ளையின் ஆதார் நகலை மாமனாரே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஷோரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. தாலி ஏறுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே அந்த வண்டி அபிலாஷின் பெயரில் ஏறிவிட்டது.

அந்தக் கல்யாணம் எப்படி உடைந்தது என்று நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. நாற்பது பவுனும் ஒன்றன்பின் ஒன்றாக விற்கப்பட்டது. பிறகு, கடை வைக்க ஐந்து லட்சம் கொண்டுவந்தால்தான் வீட்டுக்குள் வரலாம் என்றார்கள். அவள் போகவில்லை. அவனும் துபாயிலிருந்து பேசுவதை நிறுத்தினான். 2022 நவம்பரில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கருங்கலில் உட்கார்ந்து பிரிவதற்குப் பேசினார்கள். டீ வந்தது, ஏத்தங்காய்ச் சிப்ஸ் வந்தது, நகை மட்டும் வரவில்லை.

"நகை எல்லாம் தீந்து போச்சு. இனி அதப் பேசி என்ன செய்ய?" என்றான் வினோஜ். "வண்டி ஒண்ணு கெடக்கு. ஓடாது. வேணும்னா கொண்டு போங்க. கோழி அடையதுக்கு நாங்க வேற எடம் பாக்கோம்."

உண்மையிலேயே அதில் கோழி அடைந்துகொண்டிருந்தது. சீட்டில் எச்சம் ஓடு கட்டியிருந்தது. அபிலாஷ் விட்டுப்போன நாளிலிருந்து ஒருவனும் சாவி போட்டதில்லை. நாராயணபெருமாள் அதைக் குட்டியானையில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டித் தோவாளைக்குக் கொண்டுவந்தார். எங்கள் பக்கமிருந்து போன நான்கு பெரியவர்களில் ஒருவருக்குக்கூட ஆர்.சி. புத்தகத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. பொருள் திரும்பி வந்தால் பேச்சு முடிந்தது என்று நினைத்தார்கள். பண்டம் பாத்திரம் திரும்பி வருவதைப் போலத்தான் வண்டியும் என்று நினைத்தார்கள். அந்த நான்குபேர் மீதும் எனக்குக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

வண்டியை முற்றத்தில் இறக்கியதும் முத்துக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். "இத எதுக்குட்டி இங்க கொண்டு வந்திருக்கு? பாக்கப் பாக்க வயிறு எரியும். பழைய இரும்பு எடுக்கற ஆக்கர்காரனுக்குத் தூக்கிக் குடு."

"அம்மா, நம்ம காசு அது. அவங்க வீட்டுல கோழி அடையவும் வேண்டாம், ஆக்கர் கடையில எடைக்குப் போவவும் வேண்டாம்."

"பின்ன என்ன செய்யப் போற?"

"ஓட்டப் போறேன்."

சிரித்தவர்களில் நாராயணபெருமாளும் ஒருவர். ஆனால் அவள் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள். அப்போது அவள் தோவாளைச் சந்தையில் பூ எடுத்து, திங்கள்நகர், கருங்கல் கடைகளுக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூட்டைக்கு லக்கேஜ் சீட்டு. இரண்டு பஸ் மாறுவதற்குள் அடியில் கிடக்கும் பூ புழுங்கிவிடும். மற்ற மோட்டார் சைக்கிள்களில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் எட்டாது. ஸ்கூட்டர் இரண்டு மூட்டை தாங்காது. குரூஸரின் சீட்டோ தாழ்ந்தது, எஞ்சினும் இழுக்கும். அவன் ஆசைப்பட்டது கால் நீட்டி உட்கார. இவளுக்குத் தேவைப்பட்டது கால் ஊன்ற.

முதலில் டேங்க். உள்ளே துரு செதில் செதிலாக நின்றது. அதற்கென்று விற்கும் மருந்து விலை கூடுதல் என்று, பழைய புளியைக் கரைத்து உப்பும் போட்டு டேங்க் நிறைய ஊற்றி மூன்று நாள் வைத்தாள். கூடவே ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினாள்.

"ஏட்டி, ஒரு வருசத்துப் புளியாக்கும் அது! வண்டிக்குப் புளிக்குழம்பா வெக்க?" என்று முத்துக்கனி அடுக்களையிலிருந்து கத்தினாள்.

"கொஞ்சம் காயமும் தா, மணமா இருக்கட்டும்."

கார்புரேட்டர் கிட், பிளக், கிளட்ச் கேபிள், ஆயில் எல்லாம் சேர்த்து 4,150. பின் டயர் வெடித்துக் கிடந்தது. அதற்கும் இரண்டு டியூபுக்கும் 2,900. பேட்டரி 1,350. எஞ்சின் முதன்முதலாகப் பிடித்தது ஜனவரி கடைசியில். சைலன்சரிலிருந்து புகையோடு இரண்டு கோழி இறகும் வந்தது.

அதற்கு மேல்தான் உண்மையான வேலை. குரூஸரில் கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளி இருக்கும். ஜிஷா உட்கார்ந்தால் பிரேக்குக்குப் பெருவிரல் நுனிதான் எட்டியது. வெள்ளமடத்தில் பட்டறை வைத்திருக்கும் ஞானதாசன் அதைப் பின்னால் இழுத்து, பிரேக் கம்பியையும் கியர் கம்பியையும் குட்டையாக்கிக் கொடுத்தார். "மத்ததெல்லாம் நீ வீட்டுல இருந்து செய்யி. பிரேக்குல மட்டும் கை வெக்காத. அது எனக்க ஜோலி" என்று சொல்லி 1,600 வாங்கினார். அதில் அவள் பேரம் பேசவில்லை.

ஹேண்டில்பார் நாகர்கோவில் பழைய சாமான் கடையில் எடுத்தது. கைக்குப் பக்கத்தில் வளைந்து வருவதாகத் தேடி எடுக்க இரண்டு வாரம் ஆனது. சீட்டின் பஞ்சை அறுத்தெடுத்துவிட்டு, வீட்டில் கிடந்த பழைய ரப்பர் கயிற்று மெத்தையை வெட்டி மூன்று அடுக்காக ஒட்டினாள். தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் காயும். மேலே ரெக்சின் தைக்கக் கொடுத்தது மட்டும் 1,180. இரண்டு பக்கமும் மூட்டை நிற்க இரும்புச் சட்டம். கடைசியில், சிவப்பரளி நிறத்தில் டேங்குக்குப் பெயின்ட்.

கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும் அவள் இரண்டு யூரியாச் சாக்கில் போட்டு வைத்தாள். பிளந்த டயரைத் தனியாகச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஆக்கர்காரன் வாசலில் மணியடிக்கும்போதெல்லாம் முத்துக்கனி அந்தச் சாக்குகளைப் பார்ப்பாள்.

"அதத் தொடாத. அது அவன் சாமான்" என்பாள் ஜிஷா. "அவனுக்கு உள்ளது எனக்கு ஒரு நட்டுகூட வேண்டாம்."

2023 மே மாதம் ஓட்டத் தொடங்கினாள். முதல் நாளே ஒரு பாடம். கருங்கல் போய் வலதுபக்கச் சாக்கை அவிழ்த்தால், சைலன்சர் சூட்டில் நாலு கிலோ பிச்சி வெந்து கிடந்தது. கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதச் சாமிக்குப் போடதா, இல்ல கூட்டு வெச்சு உண்ணதா?" என்று கேட்டார். அன்று மாலையே, ஓட்டையான அலுமினிய அண்டாவை அறுத்து, தகட்டை வளைத்து, சைலன்சருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்றுப்போக இரண்டு விரல் இடம் விட்டுத் திருகினாள். அதன்பிறகு பூ வேகவில்லை. எட்டு மாதத்தில் கடைகள் ஐந்திலிருந்து பதினொன்றாயின. கருங்கலையும் அவள் விடவில்லை. "அந்த ஊர்ல தலை குனிஞ்சு நடக்கதுக்கு நான் என்ன களவாண்டேனா மாமா?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள்.

2024 ஜனவரியில் அபிலாஷ் ஊருக்கு வந்தான். கருங்கல் சந்தை ரோட்டில் பூக்கடை முன்னால் வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறான். ஒரு சுற்றுச் சுற்றி வந்து டேங்கைத் தடவினானாம்.

"இது எனக்க வண்டியில்லியா?"

ஜிஷா மூட்டையை இறக்கிக்கொண்டே, "உனக்க வண்டி கோழி அடைஞ்ச வண்டி. இது வேற" என்றாள்.

"நம்பர் எனக்குள்ளதாக்கும். அடிபொளியா ஆக்கி வெச்சிருக்கியே! நல்லதாப் போச்சு. இங்க நிக்கது வரைக்கும் எனக்கும் ஒரு வண்டி வேணும்."

அவள் காது கொடுக்கவில்லை. நான்காம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வண்டியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு தர மறுக்கிறாள் என்று எழுதிக் கொடுத்திருந்தான். நாராயணபெருமாளும் நானும் அவளோடு போனோம். அபிலாஷும் வினோஜும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?"

"அவன் பேர்ல. காசு எங்க அப்பா குடுத்தது மேடம். அதை ஓட வெச்சது நான்."

"அது கோர்ட்டுல கேட்டா கிடைக்கும்மா. கேஸ் போடுங்க. ஆனா முடியற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்." அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே முற்றத்தில் முப்பது நாற்பது வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வெயிலில் சீட்டு பிளந்து, சக்கரம்வரை புல் ஏறிக் கிடந்தன.

வினோஜ் அதைப் பார்த்துச் சிரித்தான். எழுபத்திரண்டு வயதில் ஒருவனை அடித்துவிடலாமா என்று யோசித்தது அன்றுதான். கொடுத்தது ஒருவர், கெடுத்தது ஒருவன், சரி செய்தது ஒருத்தி. காகிதத்தில் மட்டும் கெடுத்தவன் பெயர்.

ஜிஷா முற்றத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. "கேஸ் வேண்டாம் மேடம். வண்டியத் தாரேன். எப்படி வந்துச்சோ அப்படியே தாரேன். ரெண்டு நாள் டைம் தாங்க."

"ரெண்டு நாள்தானே, சரி" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அபிலாஷ், "பாத்தியா அண்ணா, வழிக்கு வந்துட்டா" என்றான். அவள் குரலை அறியாதவன்.

மறுநாள் காலையில் சந்தைக்குப் போகாமல் முற்றத்தில் தார்பாயை விரித்தாள். ஸ்பேனர் பெட்டியைத் திறந்தாள். சட்டம் கழன்றது. அண்டாத் தகடு கழன்றது. சீட்டு, ஹேண்டில்பார், பேட்டரி, கேபிள், டயர் எல்லாம் கழன்றன. யூரியாச் சாக்குகள் அவிழ்ந்தன. பழைய கார்புரேட்டர் சாமான் அத்தனையும் உள்ளே போயின. பிளந்த டயர் சக்கரத்தில் ஏறியது. செத்த பேட்டரி அதன் இடத்தில் உட்கார்ந்தது. பிரேக்கை மாற்ற ஞானதாசனே பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். இந்தத் தடவை காசு வாங்கவில்லை. டேங்கிலிருந்த பெட்ரோலை ஒரு கேனில் இறக்கினாள். பெயின்டை உரிக்கும் மருந்து தடவிச் சிவப்பைச் சுரண்டி எடுத்தாள்.

நாராயணபெருமாள் தாங்க முடியாமல், "எதுக்கு மக்கா இந்தப் பாடு? பெயின்டு போனாப் போவட்டுமே" என்றார்.

"அறுநூத்தி நாப்பது ரூவா அப்பா. அவனுக்குத் தானம் குடுக்கவா?"

ஞானதாசன் எட்ட நின்று பார்த்தார். "கோழி எச்சம் மட்டும்தான் கொறையுது. அதுக்கு எனக்க வீட்டுல ரெண்டு கோழி நிக்கு, கொண்டு வரட்டா?"

அன்று முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சொன்ன நாளில் அபிலாஷும் வினோஜும் ஹெல்மெட்டோடு வந்தார்கள், ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பில். முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்து அபிலாஷுக்கு முகம் செத்துப்போனது.

"இது ஏது வண்டி?"

"உனக்க வண்டி."

"அன்னைக்கு நான் பாத்தப்போ ஓடிச்சே!"

"ஓடினது எனக்க சாமான். அதக் கழத்தி வெச்சிட்டேன். நம்பரும் எஞ்சினும் உன்னது. சரியான்னு பாத்துக்கோ."

அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். சப் இன்ஸ்பெக்டர் போனை ஜிஷாவிடம் கொடுக்கச் சொல்லி, "என்னம்மா செஞ்சே?" என்று கேட்டார்.

"சொன்னதத்தான் மேடம். எப்படி வந்துச்சோ அப்படியே. வந்த அன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கு, அனுப்பட்டுமா?"

சப் இன்ஸ்பெக்டர் போனை அவனிடம் கொடுக்கச் சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது. அவன் "செரி மேடம்" என்று மூன்று தடவை சொன்னான். நம்பரைச் சரிபார்த்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். குட்டியானை பிடித்து ஏற்றும்போது வினோஜ், "லேய், வாடகை ஆரு தருவா? நீ ஒருத்தன், ஒனக்கு ஒரு பவுசு!" என்று தம்பியைத் திட்டியது தெரு முழுக்கக் கேட்டது. அவர்களுக்கு என்ன வாடகை ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. எழுதாமல் விட்ட தொகை அது ஒன்றுதான்.

அதில் ஜெயித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் அவள் மறுபடி பஸ்ஸில் போனாள். மறுபடி லக்கேஜ் சீட்டு, மறுபடி புழுங்கிய பூ. ஒரு மாதத்தில் நான்கு கடைகள் கைவிட்டுப்போயின. சாமான்கள் அவள் அறையில் கட்டிலுக்கடியில் கிடந்தன.

பிப்ரவரியில் கடியப்பட்டணத்தில் அதே மாதிரி வண்டி ஒன்று விலைக்கு இருப்பதாக ஞானதாசன் சொன்னார். 2011 வண்டி. மீன் வியாபாரம் செய்பவருடையது. உப்புக் காற்றில் சைலன்சர் தின்றுபோய், மட்கார்டு பொத்தல் விழுந்து நின்றது. ஆனால் எஞ்சின் சுத்தம். 19,500 என்று முடிந்தது. வீட்டில் நாராயணபெருமாள் ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு ஜிஷாவுக்கு வந்த கோபத்தை அபிலாஷ் மேல்கூட நான் பார்த்ததில்லை.

"மக்கா, வண்டிய எனக்க பேர்ல எழுதிரலாம். நாளைக்கு உனக்கு வேறொரு எடம் அமைஞ்சா, பொம்பளப் பிள்ளைக்க பேர்ல வண்டி இருந்தா, மாத்தி எழுதது கஷ்டம் இல்லியா?"

ஜிஷா கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, மாத்தி எழுதன்னா யாரு பேருக்கு?"

அவர் கூடையை நகர்த்தி ஓரமாக வைத்தார்.

"இன்னும் வராதவனுக்கு இப்பமே எழுதி வெக்கியளா? ஒருத்தன் கொண்டுபோனது போதாதா? ஆதார் கார்டத் தூக்கிக்கிட்டு மறுபடி கடைக்கடையா நிக்கணுமா உங்களுக்கு?"

"நான் நல்லதுக்குத்தான்..."

"போன தடவையும் நல்லதுக்குத்தான்."

நாராயணபெருமாள் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க அத்தான்."

"அவ சொன்னது போதும்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளோடு கடியப்பட்டணத்துக்கு அவரும் போனார். முன்பணத்தை எண்ணிக் கொடுத்தது அவள். அவர் பக்கத்தில் நின்றார்.

விற்றவரைக் கூட்டிக்கொண்டு நேரே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள். 26-2-2024 அன்று காகிதங்கள் கொடுத்தாயிற்று. ஒரு கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பினார்கள். மறுபடி கொடுத்தாள். அலைந்தாள். மார்ச் போனது, ஏப்ரலும் போனது. வண்டி அதே முற்றத்தில் பாய் மூடி நின்றது. ஒரு நட்டைக்கூட அவள் தொடவில்லை. ஞானதாசன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "ஏம்பிள்ள, பிரேக்கு மட்டுமாவது மாத்திரட்டா? நேரமாவது மிஞ்சும்" என்று கேட்டார்.

"ஆர்.சி. கார்டு வரட்டும் அண்ணா."

"வராமலா போவும்?"

"வந்த பொறவு மாத்துவோம். இனி அடுத்தவன் பேர்ல நிக்கற வண்டிக்கு நான் ஸ்பேனர் எடுக்க மாட்டேன்."

தபால்காரர் வந்தபோது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வெறும் கூடைகளோடு படியேறிக்கொண்டிருந்தாள். நாராயணபெருமாள் வழக்கம்போலக் கை நீட்டினார். தபால்காரர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "ஜிஷான்னு போட்டிருக்கு. அவங்கதான் கையெழுத்துப் போடணும்."

அவள் ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். உறையைக் கிழித்து, கார்டில் உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் படித்தாள். அப்பாவிடம் படிக்கக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இழுக்கத் தொடங்கினாள். உறையின் மேல் இருந்த தபால் முத்திரையைச் சரிபார்த்து நான் எழுதிக்கொண்ட தேதி:

8-5-2024.